வள்ளி தம்பியை ஒப்படைத்த விதம்

என் கடைசி வேலை நாளில் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், பூங்கொத்துத் தந்தார்கள், பிறகு எல்லோரும் தட்டும் கையுமாக நின்றுகொண்டு என்னைப் பேசச் சொன்னார்கள். மேடைப் பேச்சுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த புதிய சக ஊழியர் ஒருத்தி, "இது முறிஞ்சுதான் போகப்போகுது என்று நீங்கள் நினைத்த குடும்பம் ஏதாவது இருந்ததா?" என்று கேட்டாள். இருந்தது. ஆனால் கேக் சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற கதையல்ல. "இருந்தது, இப்ப நல்லா இருக்கினம்" என்று மட்டும் சொல்லித் தப்பினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சில மாதங்களில் நான் வேலை செய்த பிரிவையே மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வெளிநாடுகளிலிருந்து பிள்ளைகள் தத்து வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தந்த நாடுகள் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் மண்ணிலேயே வளர்க்கப் பார்க்கின்றன. அதுதான் சரி என்று நினைப்பவள் நான். என்றாலும் சும்மா கிடந்து மறக்கக்கூடாத சில விஷயங்கள் அந்த வேலையில் இருந்தன. எழுதிவைக்கிறேன்.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு தத்து நிலையம். அந்நிய நாட்டுப் பிள்ளையைத் தத்தெடுக்க விரும்புகிற ஜேர்மன் தம்பதிகளின் வீட்டுக்குப் போய் அவர்களை அறிந்துகொள்வது, பிள்ளை வந்த பிறகு நீதிமன்றம் தத்தை உறுதிசெய்யும்வரை தொடர்ந்து போய்ப் பார்ப்பது, அதற்குப் பிறகும் கூப்பிட்டால் ஓடுவது. இதுதான் வேலை. எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது நீதிபதிக்கு விளங்கப்படுத்துவதைவிடக் கஷ்டம். ஒருமுறை கோவிலில் ஒரு அக்கா பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "பிள்ளையளைப் பிடிச்சு வெள்ளையளுக்குக் குடுக்கிற வேலையோ உமக்கு?"

"ஓம் அக்கா. குடுத்துப்போட்டு, பிறகு வருசக்கணக்கா அவையின்ரை வீட்டுக் கதவைத் தட்டுறதும் நான்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு வடை பற்றி மட்டுமே கதைத்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, மூன்று இடங்களில் துப்புரவு வேலை செய்து, மொழி படித்து, சிறுவர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, பிறகு சமூகப்பணி படித்து இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். ஒரு வசனத்தில் சொல்லிவிட்டேன். அந்த வசனத்துக்குள் நான் அழுத அழுகையெல்லாம் என்னோடு இருக்கட்டும்.

எனக்கு உண்மையாகவே வேலை படிப்பித்தவர் ஃபிராவ் ஹேபர்லே. ஃபிராவ் என்றால் திருமதி. நிலையத்தின் பொறுப்பாளர். கட்டையான உருவம், பெருத்த குரல். இந்தப் பக்கத்து ஸ்வாபிய ஜேர்மனில்தான் பேசுவார். எங்கள் யாழ்ப்பாணத் தமிழைப் போலவே அதற்கும் ஒரு திமிர் உண்டு. ஆகவே அவர் சொன்னவற்றை என் வாய்த் தமிழில் எழுதினால் அவர் கோபிக்க மாட்டார்.

முதல் வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போன நாளில் காரை அந்தத் தெருவில் நிறுத்தவில்லை, அடுத்த தெருவில் நிறுத்தினார். எங்கள் காரில் நிலையத்தின் பெயர் எழுதியிருக்கும். "பிள்ளை வருமோ வராதோ தெரியாது. அயலுக்கு ஏன் இப்பவே தெரியவேணும்?" என்றார். மழை பெய்தாலும் இதே வழக்கம்தான். குடை பிடித்துக்கொண்டு நடப்போம்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் கேக் வரும். பிள்ளைக்காக ஏங்குகிறவர்கள் வைக்கும் கேக்கைப்போல் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஃபிராவ் ஹேபர்லே தொடமாட்டார். "கேக்கைத் திண்டுபோட்டு ஆருக்கும் இல்லையெண்டு சொல்ல ஏலாது. கதை முடியட்டும், பிறகு தாங்கோ." கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்: கடைசியாக எதற்குச் சண்டை பிடித்தீர்கள்? இரண்டு பேரும் ஒரே சண்டையைச் சொன்னால் அவருக்குத் திருப்தி. நாங்கள் சண்டையே பிடிப்பதில்லை என்று சொன்னால் பையின் சிப்பை இழுத்து மூடுவார். அந்தச் சத்தம் கேட்டால் அந்த வீட்டுக்குப் பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

பிறகு கை கழுவவேண்டும் என்று சொல்லிக் குளியலறைக்குப் போவார். வெகுகாலம் அவர் சுத்தக்காரி என்றே நினைத்திருந்தேன். அவர் பார்க்கப் போனது துவாய் கொளுவும் கொளுக்கியை. பிள்ளை வருவதற்கு முன்பே எட்டும் உயரத்தில் ஒரு கொளுக்கி அடித்திருக்கிறார்களா என்று பார்ப்பார். பிள்ளை வந்த பிறகு அதில் தொங்கும் துவாயைத் தொட்டு, பிள்ளை அதைப் பாவிக்கிறதா என்று பார்ப்பார். "ஈரத் துவாய் பொய் சொல்லாது" என்பார். அன்றிலிருந்து நானும் வீடு வீடாகக் கை கழுவினேன்.

சிரிப்புகளும் இருந்தன. எத்தியோப்பியாவிலிருந்து வரப்போகும் பையனுக்கென்று ஒரு தம்பதி அறை முழுக்கச் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியுமாகச் சுவர்க்காகிதம் ஒட்டியிருந்தார்கள். பையன் தலைநகரில் பிறந்து வளர்ந்தவன். வந்த முதல் நாளே சிங்கத்தைப் பார்த்து அலறி, கூடத்துச் சோபாவில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தான். தகப்பன் மூச்சு வாங்க வாங்கச் சிங்கங்களைச் சுரண்டி எடுத்தார். பையனும் கூட நின்று சுரண்டினான். அப்படித்தான் அவர்கள் சிநேகிதமானார்கள்.

இனி அந்தக் குடும்பம்.

மோனிக்கா ஸ்டுட்கார்ட்டில் ட்ராம் ஓட்டுபவள். ராய்னர் தச்சர். சண்டைக் கேள்விக்கு இரண்டு பேரும், ஹீட்டர் போட்டிருக்கும்போது யன்னலைத் திறந்துவைத்தது யார் என்ற ஒரே சண்டையைச் சொன்னார்கள். ஃபிராவ் ஹேபர்லே அன்றைக்கு இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். குளியலறையில் உயரத்துக்கு ஒன்றாக இரண்டு மரக் கொளுக்கிகள். ராய்னர் கடைந்து செய்தவை.

தமிழ்நாட்டின் தெற்கில் ஒரு சிறிய ஊரின் காப்பகத்திலிருந்து வந்தார்கள் வள்ளியும் குமாரும். அவளுக்கு ஏழு வயது, அவனுக்கு மூன்று. தாய் தகப்பன் இருவரும் இல்லை. அந்தக் காலச் சட்டப்படி முதலில் பாதுகாவல் மட்டும் கிடைக்கும். ஒரு வருடம் போல வளர்த்த பிறகுதான் இங்குள்ள நீதிமன்றம் தத்து என்று எழுதும். அந்த இடைக்காலத்தில் எதுவும் நடக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

தமிழ்ப் பிள்ளைகள் என்பதால் அந்தக் குடும்பம் என் பொறுப்பில் வந்தது. போய், "சுகமா இருக்கிறியளோ, செல்லம்?" என்று கேட்டேன். வள்ளி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க ஏன் இப்படிப் பேசுறீங்க? நாடகத்துல பேசுற மாதிரி இருக்கு."

வள்ளி என்ன சொல்கிறாள் என்று மோனிக்கா ஆவலாகக் கேட்டாள். என் தமிழ் சரியில்லையாம் என்றேன். மோனிக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு நெடுநாள் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

வள்ளி குமாரை யாரிடமும் விடவில்லை. அவனுக்கு ஊட்டுவது அவள், குளிப்பாட்டுவது அவள், கழுவிவிடுவது அவள். அவன் சாப்பிட்டு முடித்தபிறகு ஆறிப்போன மிச்சத்தைத் தான் சாப்பிடுவாள். மோனிக்கா அவனைத் தூக்கினால் வள்ளி வந்து நடுவில் நிற்பாள். ஒருநாள் வலுக்கட்டாயமாகத் தூக்கியபோது மோனிக்காவின் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்த அடையாளத்தை எனக்குக் காட்டி மோனிக்கா சொன்னாள்: "கடி நோகேல்லை. எட்டு வருசம் காத்திருந்து, இப்ப என்ரை வீட்டிலேயே நான் வாடகைக்கு அறை குடுத்த ஆள் மாதிரி நிக்கிறன். அதுதான் நோகுது."

மூத்த பிள்ளை இளையதற்குத் தாயாகிவிடுவது எங்கள் தொழிலில் புதிய விஷயம் அல்ல. அதற்கு ஒரு வழக்கமான மருந்தும் உண்டு. மூத்ததின் தோளிலிருந்து பாரத்தை இறக்கு, அது பிள்ளையாக இருக்கட்டும். சிறுவர் உளவியலாளர் அப்படியே எழுதித் தந்தார். வேறு வேறு அறையில் படுக்கை, வேறு வேறு நேரத்தில் சாப்பாடு, அவள் பள்ளிக்கூடம், அவன் பாலர் பள்ளி. நானும் வள்ளியைப் பக்கத்தில் இருத்தி, "தம்பியை அம்மா பாத்துக்கொள்ளுவா, நீ போய் விளையாடு ராசாத்தி" என்று தேன் தடவிச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். தலைதான் ஆடியது.

மருந்து நோயைவிடக் கொடுமையாகப் போனது. வள்ளி சாப்பாட்டை நிறுத்தினாள். வாயில் வைப்பாள், கன்னத்தில் ஒதுக்குவாள், யாரும் பார்க்காதபோது துப்புவாள். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும் வெளியே நடந்து, இரண்டு தெரு தாண்டி, குமாரின் பாலர் பள்ளி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆசிரியை போய் இழுத்து வருவாள். மறுநாளும் வள்ளி போவாள். இளைத்துக் கண்ணுக்குக் கீழ் கறுத்துப்போனாள். பாலர் பள்ளியில் குமார் வேலியைப் பார்த்து அழுதான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சிறுவர் நல அலுவலகத்தில் ஒருவர் முதலில் வாய்விட்டுச் சொன்னார், பிறகு அறிக்கையிலும் வந்தது: இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருப்பதால்தான் இரண்டும் புதிய பெற்றோரோடு ஒட்டவில்லை. சின்னவன் இங்கே இருக்கட்டும், பெரியவளுக்கு வேறு ஒரு குடும்பம் பார்க்கலாம். இரண்டு பேருக்கும் நல்லது. முடிவெடுக்க ஒரு தெர்மீன் குறித்தார்கள். முன்பின் தெரியாத நாட்டில், ஒன்றாக வந்த அக்காவையும் தம்பியையும் பிரிப்பதற்கு ஒரு திகதியும் நேரமும்.

ராய்னர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் கிடக்கு. வேறை வீட்டிலை சாப்பிடுமெண்டால்…" என்று நிறுத்தினார்.  

அடுத்த நாள் இடைவேளை நேரத்தில் நானே அந்த வேலிக்குப் போனேன். வள்ளி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இழுக்கவில்லை. நானும் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே குமார் மண் வாளியோடு இருந்தான்.

"இங்கை ஒருத்தரும் தம்பிக்கு அடிக்க மாட்டினம், வள்ளி. என்னத்துக்கு இப்பிடிக் காவல் நிக்கிறாய்?"

 அவள் குமாரிடமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"எங்க ஹோம்ல மீனாக்கா இருந்தாங்கல்ல, அவங்ககிட்ட ஒரு பாப்பாவக் குடுத்துருந்தாங்க வளக்க. பெரிய பிள்ளைங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு குடுப்பாங்க. மீனாக்கா ஸ்கூலுக்குப் போயிட்டு வந்து பாத்தா தொட்டில் காலி. பாப்பாவ யாரோ வெளியூர்க்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். மீனாக்காகிட்ட யாருமே சொல்லல. கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிஞ்சு தேடுனாங்க ஆன்ட்டி."

 அந்தப் பாப்பா எங்கோ ஒரு நல்ல வீட்டில், எட்டும் உயரத்தில் கொளுக்கி அடித்த ஒரு குளியலறையில் வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வீட்டுக்கு எங்களைப் போல் யாரோ குடை பிடித்துக்கொண்டு நடந்து போயிருப்பார்கள். நாங்கள் வந்து சேரும் பிள்ளையைப் பார்த்தோமே தவிர, அந்தப் பக்கம் காலியான தொட்டிலின் அருகில் யார் நிற்கிறார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஃபிராவ் ஹேபர்லேயிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நாங்கள் 'போய் விளையாடு' எண்டு சொல்லேக்கை, அவளுக்கு என்னெண்டு கேட்டிருக்கும்? 'கண்ணை மூடு, நாங்கள் கொண்டு போகப்போறம்' எண்டு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இனி அவளோடை ஒண்டும் கதையாதேங்கோ. கதைச்சது காணும். எதையாவது காட்டுங்கோ. அந்த மோனிக்கா எதிலை கெட்டிக்காரி?"

"ட்ராம் ஓட்டுறதிலை."

"வீட்டிலை தோத்துப்போன மனுசியைத்தான் அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் பாக்குது. வெல்லுற இடத்திலை ஒருக்கால் பாக்கட்டும்."

அந்தக் கிழமையே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மோனிக்காவின் ட்ராமில் ஏறினேன். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் முதல் இருக்கை. கண்ணாடி வழியாக அவளுடைய முதுகும் கையும் தெரிந்தன. மலைச்சரிவில் வண்டி வளைந்து இறங்கும்போது கீழே ஊர் முழுவதும் விரிந்தது. குமார் வாயைத் திறந்தபடி பார்த்தான். வள்ளி ஊரைப் பார்க்கவில்லை, மோனிக்காவின் கையைப் பார்த்தாள். இத்தனை சனத்தை ஏற்றிக்கொண்டு அந்தக் கை பதறாமல் வேலை செய்தது.

பாதி வழியில் ஒரு தரிப்பிடத்தில் மோனிக்காவின் ஷிஃப்ட் முடிந்தது. அங்கே அடுத்த ஓட்டுநர் பையோடு காத்து நின்றார். மோனிக்கா கதவைத் திறந்து இறங்கி அவரிடம் நாலு வார்த்தை சொன்னாள். அவர் ஒரு வார்த்தை சொன்னார். கை கொடுத்துக்கொண்டார்கள். அவர் ஏறிக்கொண்டார், நாங்கள் இறங்கிக்கொண்டோம். ட்ராம் அத்தனை பேரையும் கொண்டு வளைவில் திரும்பி மறைந்தது. உள்ளே இருந்தவர்கள் கைத்தொலைபேசியிலிருந்து தலைகூட நிமிர்த்தவில்லை. மோனிக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டு, "பசிக்குது, பிரெட்சல் வாங்குவம்" என்று நடந்தாள்.

வள்ளி நடக்கவில்லை. வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, வண்டிய அந்தாளுகிட்ட விட்டுட்டு இவங்க திரும்பிக்கூடப் பாக்கலியே. ஏன்?"

நான் மொழிபெயர்த்தேன். மோனிக்கா யோசிக்காமலே பதில் சொன்னாள். அவளுக்கு இது தினசரி விஷயம். "ஏன் பாக்கவேணும்? இரண்டாவது கதவு கொஞ்சம் இறுகுது, தண்டவாளம் ஈரம், பின்னுக்கு ஒரு பிள்ளைத் தள்ளுவண்டி நிக்குது எண்டு எல்லாம் சொன்னன். அவர் ஊபர்நொம்மன் எண்டு சொன்னார். பொறுப்பெடுத்தாச்சு எண்டு அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டால் நான் போகலாம். கேட்காட்டில் நான் இறங்கவே மாட்டன்."

"வண்டி திரும்பி வருமா?"

"நாளைக்கு எனக்குத்தான் வரும். அப்ப அவர் சொல்லுவார், நான் எடுப்பன்."

வள்ளி நடக்கத் தொடங்கினாள். பிரெட்சலைக் குமாருக்குப் பிய்த்துக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை. இந்த நாளும் வீண்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை என் தொலைபேசி அடித்தது. மோனிக்கா.

"வள்ளி குமாரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு குசினியிலை எனக்கு முன்னாலை வந்து நிக்கிறாள். தமிழிலை நீளமாய் என்னவோ சொல்லுறாள். சொல்லிப்போட்டுக் கையை நீட்டுறாள். என்னெண்டு விளங்கேல்லை. கேளுங்கோ."

தொலைபேசியை அவள் பக்கம் பிடித்தாள் போலும். வள்ளியின் குரல் வந்தது, பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"தம்பி சோறு கம்மியாத்தான் சாப்ட்டான். முழங்கால்ல சிராய்ப்பு இருக்கு, தண்ணி பட்டா எரியும். ஒண்ணுக்குப் போயிட்டான். தூங்குறப்ப காதைப் பிடிச்சுக்குவான், கைய எடுத்து விட்டா முழிச்சுக்குவான், எடுக்காதீங்க."

நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன்.   பிறகு தொலைபேசியை மேசையில் வைக்கும் சத்தமும், அதற்குப் பிறகு மோனிக்காவின் குரலும் கேட்டன. வேலைத்தலத்துக் குரல்.

"ஊபர்நொம்மன்."

வெகுநேரம் கழித்து ராய்னர் தொலைபேசியை எடுத்தார். "சாப்பிடுறாள்" என்றார். "உருளைக்கிழங்கு. இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுறாள்." மனுஷன் அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். மறுநாள் விடிந்ததும் வள்ளி மோனிக்காவின் அறைக் கதவில் வந்து நின்றாள். குமாரைத் திருப்பிக் கேட்கிறாள் என்று மோனிக்காவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நான்கூட இல்லை. அவளே எழுந்து நின்று, சைகையும் ஜேர்மனுமாக ஒப்படைத்தாள்: ஒருமுறை கனவு கண்டு முனகினான், பால் குடித்தான், சளி கொஞ்சம். கையை நீட்டினாள். வள்ளி அந்தக் கையைப் பிடித்து, அரைகுறை ஜேர்மனில் ஊபர்நொம்மன் என்றாள்.

நாங்கள் படித்தவர்கள் எல்லோரும் அவளிடமிருந்து வாங்கப் பார்த்தோம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. திருப்பிக் கொடுக்கும் கையை நம்பித்தான் பிள்ளை கொடுக்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

உளவியலாளரோடு பேசினோம். அவர் நல்ல மனிதர், பிடிவாதக்காரர் அல்ல. தனித்தனி அறைத் திட்டத்தைத் தானே கிழித்துப் போட்டார். காலையில் உடுப்பு மாட்டுவதும் பாலர் பள்ளி வாசல்வரை கூட்டிப் போவதும் வள்ளியின் ஷிஃப்ட். வாசலில் ஆசிரியையிடம் ஒப்படைப்பாள். ஆசிரியைக்கு நான் போய் விளங்கப்படுத்தினேன், அவரும் சிரிக்காமல் கை கொடுத்தார். மத்தியானம் மோனிக்கா, மாலை ராய்னர், ஞாயிற்றுக்கிழமை வள்ளிக்கு முழு விடுமுறை. முதல் ஞாயிறு அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அறையின் நடுவில் சும்மா நின்றாளாம். இரண்டாம் ஞாயிறு ராய்னரின் பட்டறைக்குப் போய் ஆணி அடித்தாள். மூன்றாம் ஞாயிறு குமார் விழுந்து அழுதபோது, வாசலில் இருந்தபடியே "அம்மா ஷிஃப்ட்டு!" என்று தமிழில் கத்திவிட்டு ஆணி அடிக்கப் போய்விட்டாள். மோனிக்காவை அவள் அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மோனிக்கா குமாரைத் தூக்க ஓடினாளே தவிர, தன்னை என்னவென்று கூப்பிட்டாள் என்று அவளுக்கு நான் சொல்லித்தான் விளங்கியது.

அந்தத் தெர்மீனில் நீளமாக வாதாட வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் அனுப்பிய குறிப்பில், வள்ளி இப்போது இடைவேளையில் கயிறு அடித்துத் துள்ளி விளையாடுகிறாள் என்று எழுதியிருந்தது. பிரிக்கலாம் என்று சொன்ன அதிகாரியே கோப்பை மூடினார். வெளியே வந்து, அறிக்கையில் என்ன எழுதுவது என்று ஃபிராவ் ஹேபர்லேயைக் கேட்டேன்.

"ஷிஃப்ட் மாற்றம் ஒழுங்காய் நடக்குது எண்டு எழுதுங்கோ" என்றார். அப்படியே எழுதினேன். தத்தும் முடிந்தது.

அதற்குப் பிறகு உடன்பிறந்த பிள்ளைகள் வந்த ஒவ்வொரு வீட்டிலும் முதலில் பெரியதைக் கேட்டோம்: உன் சின்னதைப் பற்றி எங்களுக்கு என்ன சொல்லவேண்டும்? கேட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால் எந்தப் பிள்ளையும் சொல்லும். ஒரு பையன் தன் தங்கையைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னான். ஃபிராவ் ஹேபர்லே ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற பின் அந்த வழக்கத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

இந்த இலையுதிர் காலத்தில் மோனிக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. குமாருக்கு ஹாலே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, விவசாயம் படிக்கப் போகிறான், வழியனுப்ப வாருங்கள் என்றாள். ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தில் எந்தக் காலத்தில்தான் கட்டட வேலை முடிந்தது? சுற்றிச் சுற்றி நடந்து, மூச்சு வாங்கி, மேடைக்குப் போய்ச் சேர்ந்தேன். குமார் எல்லோரையும்விட உயரமாக நின்றான். ராய்னர் அவனுடைய பெட்டியின் சில்லைச் சுழற்றிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வள்ளி வேலை உடுப்போடு வந்திருந்தாள். அவள் லிஃப்ட் திருத்துகிறவள். எங்கோ ஒரு மாடிக் கட்டடத்து லிஃப்ட் அவளுக்காகக் காத்துக் கிடந்தது. என்னைக் கண்டதும், "ஆன்ட்டி, சுகமா இருக்கிறியளோ?" என்றாள். தமிழில் அவளிடம் மிஞ்சியிருப்பது சொற்பம். அதில் இந்த வசனமும் ஒன்று, அதுவும் என் நாடகத் தமிழில்.

ரயில் வந்து நின்றது. வள்ளி தம்பிக்கு முன்னால் போய் நின்றாள். ஜேர்மனில்தான் சொன்னாள், ஆனால் அந்த ஒப்பிக்கிற குரலை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

"பதற்றம் வந்தால் சாப்பிட மாட்டான். காய்ச்சல் எண்டால் டாக்டரிட்டைப் போகமாட்டான், தள்ளிக்கொண்டு போகவேணும். சுகமாய் இருக்கிறன் எண்டு சொன்னால் நம்பக்கூடாது, என்ன சமைச்சது எண்டு கேக்கவேணும். இண்டைக்கும் நித்திரையிலை காதைப் பிடிப்பான்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். குமாரைக் குமாரிடமே ஒப்படைக்கிறாள் என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் முதலில் சிரித்தான். பிறகு அவனுடைய முகம் மாறியது. பெட்டியைக் கீழே வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தான்.

"ஊபர்நொம்மன்" என்றான். "கிறிஸ்மஸுக்குத் திருப்பித் தாறன்."

"சிராய்ப்பு ஒண்டும் இருக்கக்கூடாது" என்றாள் வள்ளி.

ரயில் அசைந்தது. வள்ளி கைக்கடிகாரத்தைப் பார்த்து, லிஃப்ட் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் படிகளை நோக்கி நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் மோனிக்காவும்தான் கண்ணைத் துடைத்துத் துடைத்து, ரயில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.